கட்டிய புடவைக்குத் தீர்வை இல்லை

பினாங்கிலிருந்து வரும் அக்காவை அழைத்துவர அம்மா, நைனா, நான் மூவரும் பருத்திப்பட்டிலிருந்து கிளம்பினோம். ஆவடியில் ரயிலேறிப் பட்டணத்தில் இறங்கி, துறைமுகம்வரை நடந்தே போனோம். வெள்ளைக்காரன் காலம் அது; யுத்தம் இன்னும் வரவில்லை. கல்யாணமான கையோடு மாமா அக்காவைக் கப்பலேற்றிக் கூட்டிப் போயிருந்தார். அங்கே ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. ஊருக்கு வந்துபோன ஒருவரிடம், “தங்கச்சிக்கு ஒரு பட்டு வாங்கி வச்சிகீறேன்” என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அது என்ன நிறமாக இருக்கும் என்பதே வழியெல்லாம் எனக்கு யோசனை.

சுங்கக் கொட்டகைக்குள் எங்களை விடவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே பயணிகள் பெட்டியைத் திறந்து காட்ட, அதிகாரிகள் கையை விட்டுத் துழாவினார்கள். அவரவர் உடுத்திப் பழகிய துணிக்குத் தீர்வை கிடையாது, புதுச் சாமானுக்கும் பிறத்தியார் சாமானுக்கும் உண்டு என்று பக்கத்தில் நின்ற ஒருவர் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது மாமா வந்தார். முகமெல்லாம் தாடி. வேலியை ஒட்டியிருந்த மேஜையில்தான் பெட்டியை வைத்தார். கூப்பிட்டோம், திரும்பவில்லை. அதிகாரி முதலில் வெளியே எடுத்தது ஒரு பட்டுப்புடவை. கத்தரிப்பூ நிறம்.

“இன்னாப்பா, ஆம்பள பொட்டியில பூரா பொடவையா கீது? விக்கிறதுக்கா?”

“இல்லீங்க. எம் பெண்சாதியுது.”

“இது புதுசாச்சே.”

“கட்டினதுதாங்க. கப்பல்ல கட்டினா.”

“அப்ப அவங்கதான் வந்து சொல்லணும். எங்க அந்தம்மா?”

மாமா கப்பல் பக்கம் கையைக் காட்டினார். “பின்னால வந்துகினு கீறா.”

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியாடி, அவ எப்பவும் ஆடி அசைஞ்சிதான் வருவா” என்று என் தோளைத் தட்டினாள்.

அதிகாரி மாமாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். கப்பல் ஏணியில் இறங்கிய ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தோம். ஒருத்தி அக்காவைப் போலவே இடுப்பில் கைவைத்தபடி இறங்கினாள். அம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். கிட்டே வந்ததும் வேறு முகம். கூட்டம் குறைந்தது. பிறகு ஏணியில் கூலியாட்கள் மட்டும் ஏறிப் போனார்கள்.

“எங்கப்பா உன் சம்சாரம்?” என்றார் அதிகாரி மறுபடியும்.

மாமா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “கடல்ல உட்டுட்டாங்க சார்.”

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழவில்லை, அவள் கண் இன்னும் ஏணியிலேயே இருந்தது. புடவையை அதிகாரியே மடித்தார். மடிக்கத் தெரியாமல் மடித்தார். பெட்டியை மூடி, மேலே சாக்கட்டியால் குறி போட்டு, “எடுத்துகினு போப்பா” என்றார்.

ரயிலில்தான் மாமா சொன்னார். கப்பலில் கூட வந்த பெண்கள், “ஒரு தபா கட்டிடும்மா, அப்பறம் தீர்வை கேக்க மாட்டான்” என்றார்களாம். எனக்கென்று வாங்கியதை அக்கா ஒரு பகல் முழுக்க உடுத்தியிருந்தாள். பொழுது சாய்ந்ததும் காய்ச்சல் கண்டது. அந்த நிலையிலும், கசங்கிவிடும் என்று அவிழ்த்து மடிக்கச் சொன்னாளாம். காய்ச்சல் இறங்கவே இல்லை. இரண்டாவது மனைவியாக அடுத்த வருஷம் என்னை மாமாவுக்கே கொடுத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

முகூர்த்தத்துக்கு அம்மா அந்தப் பட்டைத்தான் எடுத்து வந்தாள். அதை யாரும் நனைத்திருக்கவில்லை. பிரித்ததும் அக்காவின் தலையெண்ணெய் வாசனை அடித்தது, அதற்கடியில் உப்பு. உடுத்தியபோது கொசுவம் பழைய மடிப்பிலேயே தானாக விழுந்தது. மணையில் உட்கார்ந்த என்னை அம்மா ஏற இறங்கப் பார்த்து, “பெரியவளே, நல்லாகீறியாடி?” என்றாள். ஒருவரும் திருத்தவில்லை.

அன்றிலிருந்து நான் அவளுக்குப் பெரியவள்தான். சில நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சின்னவ எங்கடி, காணோம்?” என்று என்னையே கேட்பாள். முதலில், “நாந்தாம்மா சின்னவ” என்று அழுதேன். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு, “பக்கத்து ஊட்ல கீறா” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் பருத்திப்பட்டு ஏரி நிறைந்தால் எங்கள் வாசலிலிருந்தே தண்ணீர் தெரியும். மாமாவுக்கு அது ஆகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நைனா போன பிறகு நிலத்தை விட்டுவிட்டு, அம்மாவோடு குமணன்சாவடிக்குக் குடிபோனோம். அங்கே மாமா சின்னதாக ஜவுளி வியாபாரம் தொடங்கினார்.

அம்மா அந்த வீட்டில்தான் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கூடத்திலிருந்து மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அவர் என்னை எந்தப் பெயராலும் அழைத்ததில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார்.