எந்தக் குழி?

காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறினேன். பௌர்ணமி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்ததால் ஜன்னலோரமே கிடைத்தது. "சாமி பார்க்கவா?" என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டார். "இல்லீங்க, ஒருத்தரைப் பேச வைக்க" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் நிலத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே புல் பார்க்கும் பதினோரு பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். என் அக்காவும் அதில் ஒருத்தி. வருகிற திங்கட்கிழமை, பந்து விழும் பதினெட்டு குழிகளில் ஒன்பதாவதுக்குப் பக்கத்தில் குளம் வெட்டப் போகிறார்கள். எங்கள் இடுகாடு அங்கேதான் இருந்தது. எனக்கு ஆறு வயதில் அப்பாவை அங்கே புதைத்தார்கள். நிர்வாகமோ, இடுகாடு வேலிக்கு வெளியேதான் இருந்தது, உள்ளே என்றால் ஆதாரம் கொண்டு வா என்கிறது. ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? ஊர்க்காரர்கள் சொன்னால் எடுபடாது; வெளியாட்களில் பழைய நிலத்தைப் பார்த்தவர் மைதானத்தை வடிவமைத்தவர் ஒருவர்தான். நுரையீரல் கெட்டுப்போய், கடைசிக் காலத்தைக் கழிக்கத் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டாராம்.

ஒன்பது இருபதுக்கு இறங்கினேன். செங்கம் ரோட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். அநியாயம் என்றேன். "கம்மி பண்ண முடியாதுங்க, நாலு கிலோமீட்டர் போவணும்" என்றார் டிரைவர். வழியில் ஒரு குடும்பம் சுடும் தார் ரோட்டில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கால் வேகாதா என்று டிரைவரிடம் கேட்டேன். "மலையே சாமிதானங்க. செருப்போட எப்படிச் சுத்துவாங்க?" என்றார். நல்ல பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி. ஓர் ஆசிரமத்துக்குப் பின்சந்தில் அவருடைய வாடகை அறை. அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் கதவைத் திறந்து, "ஜாஸ்தி பேச உடாதீங்க, மூச்சு வாங்கும்" என்றாள். அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். போனில் பதிவைத் தொடங்கித் தலையணையில் வைத்தேன்.

"குழி எங்க இருந்துச்சுங்க?"

"பதினெட்டு குழி போட்டேன். எந்தக் குழி?"

"எங்கப்பாவைப் பொதைச்ச குழி."

அவர் போனைத் தன் வாய்ப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "ஃபேனை நிறுத்து. பதிவு தெளிவா இருக்கணும்" என்றார். "வரைபடமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. என் வாயில இருக்கறதுதான் பாக்கி. இடுகாடு வேலிக்கு உள்ளதான்மா இருந்துச்சு. ஒன்பதாவதுல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தேவிட்டேன்.

"உக்காரு. இருந்துச்சுன்னுதான் சொன்னேன். ஏழாவது குழிக்குப் பந்து அடிக்கிற இடம் பள்ளம். வெளிய மண்ணு வாங்க ஓனர் ஒத்துக்கல. ஒன்பதாவதுலருந்து புல்டோசர்ல தள்ளித்தான் அந்த மேட்டக் கட்டினோம்."

"எலும்பு?"

"எல்லாம் சேர்ந்துதான். சரின்னு சொன்னது நான்தான்." இருமி முடித்து, "எத்தனையோ பேர் பேட்டி எடுத்தாங்க. புல்லு எந்த ஊருன்னு கேட்டாங்க. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. பதியுதா?" என்றார்.

"பதியுதுங்க."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது. அந்த நிலையில் கிடப்பவரை என்னவென்று உலுக்குவது? இருபத்து மூன்று நிமிடப் பதிவோடு வெளியே வந்தேன். யாரும் கேட்காமல் விட்டிருந்தால் இதுவும் அவரோடு போயிருக்கும். ஆனால் குளத்தைத் தடுக்க இது உதவாது. அங்கே தோண்டினால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு மணிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி, ஆதாரம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? காத்து நல்லா வருதுன்னு ஏழாவது மேட்டுல சோத்தைப் பிரிச்சிட்டேன். அப்பா எங்க இருக்காருன்னு சொன்னாரா?"



"அக்கா, முதல்ல செருப்பைக் கழட்டு" என்றேன்.