களைமருந்து டோரீன்

“புல்லு எங்கண்ணா? பாக்காம மருந்து குடுக்க மாட்டேன்.”

டோரீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கையை நீட்டுகிறார். அத்திபெலே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் விதை, மருந்துக் கடையில் களைக்கொல்லி வாங்க வருபவர் முதலில் களையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டப்பா அலமாரியை விட்டு இறங்காது. அவசரத்தில் ஒருவர் கொத்தமல்லியைப் பிடுங்கி வந்து நீட்டினார். அன்று டோரீன் வீட்டில் ரசம் மணத்தது.

அடுத்த கேள்வி: “போன வருஷம் இன்னா அடிச்சீங்க?” அதேதான் என்று பதில் வந்தால் தலையை ஆட்டுவார். “அப்போ அது பேடா, வேணாம். ஸ்வல்ப இருங்க, வேற பாக்கலாம்.” வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று முதலாளி புலம்புவார். டோரீனுக்கு அது காதில் விழாது. ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, பவுடர் கலையாமல் வந்து சேரும் இந்த ஐம்பத்திரண்டு வயது அம்மாளின் பிடிவாதம் அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

அந்தப் பிடிவாதம் பிறவியில் வந்ததில்லை. இராஜமாணிக்கத்தின் திராட்சைத் தோட்டத்தில் வந்தது. ஆறு வருடம் அவருக்கு ஒரே மருந்தை எடுத்துக் கொடுத்தவர் டோரீன்தான். ராகிப் பயிரைப் போலவே இருக்கும் ஒரு காட்டுப்புல் சாகவில்லை என்று அவர் வந்து நின்றபோதெல்லாம், “ஒரு மூடி சேத்து ஊத்துங்கண்ணா” என்றதும் டோரீன்தான். மூடி ஏற ஏறக் கொடியின் கீழ் இலைகள் கருகின. புல் மட்டும் ஜம்மென்று நின்றது.

“இந்த வருஷமும் புல்லுதான் ஜெயிக்கும்னா கொடிய வெட்டிட்டு, மனை போட்டு விக்கிற லேஅவுட்காரன் கைல நெலத்த குடுத்துருவேன் மேடம்” என்றார் இராஜமாணிக்கம். டோரீன் அன்றே அவர் தோட்டத்துப் புல்லின் விதையைக் கேட்டு வாங்கினார்.

அதைத் தன் வீட்டு மொட்டைமாடியில் ஐஸ்கிரீம் கப்புகளில் விதைத்தார். பக்கத்திலேயே, மருந்தே படாத சர்ச் வளாகத்தில் முளைத்த அதே புல்லின் விதை. இரண்டுக்கும் ஒரே மருந்து, சரியான அளவில். “பூச்செடியா டோரீன்?” என்று எதிர்வீட்டு ஜோசஃபின் எட்டிப் பார்த்தபோது, “இல்லடி, நான் பண்ண தப்பு” என்றார். இரண்டு வாரத்தில் சர்ச் புல் மஞ்சளாகிச் சுருண்டது. தோட்டத்துப் புல் அசையவே இல்லை. வருடாவருடம் தப்பிப் பிழைத்த நாலு செடிதான் விதை உதிர்த்துத் தோட்டத்தையே பிடித்திருக்கிறது. எத்தனை மூடி ஊற்றினாலும் அதற்கு உறைக்காது. டோரீன் கப்புகளின் முன்னே உட்கார்ந்து அழுதார்.

மறுநாளே தோட்டத்துக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பழைய மருந்தை நிறுத்தச் சொன்னார். முதல் மழையில் முளைப்பதைக் கொத்திவிட வேண்டும், வரிசைகளுக்கு நடுவே ராகி வைக்கோலைத் தடிமனாகப் பரப்ப வேண்டும், வேறு வகை மருந்தை இளம் புல்லுக்கு மட்டும் அடிக்க வேண்டும், வாடகை டிராக்டரின் கலப்பையைக் கழுவாமல் உள்ளே விடக்கூடாது. அதற்கும் தப்பியதைக் கதிர் விடுமுன் கையால் பிடுங்க வேண்டும்.

“மருந்துக் கடைல நின்னுக்கிட்டு கையால புடுங்கச் சொல்றீங்களே மேடம்!” என்று இராஜமாணிக்கம் சிரித்தார். ஆனாலும் செய்தார்.

இது மூன்றாவது பருவம். சென்ற ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு டோரீன் தோட்டத்தைப் பார்க்கப் போனார். வரிசைகளுக்கு நடுவே மண் தெரிந்தது. கொடிகளில் பிஞ்சு கொத்துக்கொத்தாகத் தொங்கியது. லேஅவுட்காரன் இப்போதெல்லாம் வருவதில்லை என்றார் இராஜமாணிக்கம். டோரீனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

வேலியோரம் ஒரே ஒரு புல், முற்றிய கதிரோடு நின்றது.

“ஒண்ணுதானே மேடம், உடுங்க. நாளைக்கு ஆளு வருது.”

டோரீன் சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு ஈரமண்ணில் மண்டியிட்டார். ஒரு விதையும் உதிராதபடி கதிரை முந்தானைக்குள் பொதிந்து பிடித்துக்கொண்டு, மறுகையால் அடியைப் பற்றி இழுத்தார்.