தன் பெயரையும் எழுதிய பெர்னதெத்

விவேக் நகர் பெர்னதெத்துக்கு உயரம் என்றால் பயம். அவளுக்குக் கிடைத்த வேலையோ, அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏசி பழுதுபார்க்கும் ஆட்கள் பாதுகாப்பாக வேலை செய்கிறார்களா என்று பார்த்து, போட்டோவோடு போனிலேயே ரிப்போர்ட் அனுப்புவது.

சேர்ந்த புதிதில் அவள் கீழேயே நின்றுகொள்வாள். மெக்கானிக் பழனிச்சாமி மேலே போய், இடுப்பில் சேஃப்டி பெல்ட்டைக் கட்டி, அதன் கொக்கியைக் கம்பியில் மாட்டி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புவார். அவளும் எல்லாம் சரி என்று போட்டுவிடுவாள். அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஒருநாள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் வாசலில் டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே, சிமெண்ட் விளிம்பில் குந்தியிருந்தார் பழனிச்சாமி. இடுப்பில் பெல்ட் இல்லை. பெல்ட் கட்டிய போட்டோவோ அப்போதுதான் அவள் போனுக்கு வந்திருந்தது.

கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவாரோ என்று வாயைத் திறக்காமல் லிஃப்டில் ஏறினாள். மேலே போய், மெதுவாக, "அண்ணா, உள்ள வாங்க" என்றாள்.

சுவரேறி உள்ளே குதித்தார். "அதான் போட்டோ அனுப்பிட்டேனே மேடம். அத மாட்டிக்கிட்டா கை ஓட மாட்டேங்குது."

"போட்டோவா கீழ விழப்போவுது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரிப்போர்ட்ல எழுதிடுவீங்களா?"

"எழுதத்தான் செய்வேன். இனிமே கீழ நிக்க மாட்டேன். நீங்க முடிக்கிற வரைக்கும் இங்கதான்."

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியவர் திரும்பிப் பார்த்தார். பெர்னதெத் தண்ணீர்த் தொட்டியின் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"பயமா இருக்கா மேடம்?"

"ரொம்ப."

அவர் கொக்கியை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார். அவள் அன்று நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதவும் செய்தாள். அன்றிலிருந்து பெல்ட்டுக்காக அவரிடம் சொல்லவேண்டி வரவில்லை.

போகப்போக அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அதுவே வினையாயிற்று. இன்னொரு கட்டடத்தில், துருப்பிடித்த ஏசி ஸ்டாண்டை போட்டோ எடுக்கும் மும்முரத்தில் சுவருக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டாள். பின்னால் கிளிக் என்று ஒரு சத்தம்.

"உங்க பெல்ட் எங்க மேடம்?" பழனிச்சாமி தன் போனை நீட்டினார். "இதயும் ரிப்போர்ட்ல ஏத்துங்க."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுக்கென்று யாரும் பெல்ட் கொடுத்ததே இல்லை. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து டைப் செய்தாள்: 'பெர்னதெத் பெல்ட் இல்லாமல் வெளியே சாய்ந்தார். பழனிச்சாமி தடுத்தார்.'

மறுநாள் மேனேஜர் நரேஷ் போன் செய்தார். "ஏன்மா, பேரு ஏதாவது மாறி விழுந்திருச்சா?"

"இல்ல சார், சரியாத்தான் விழுந்திருக்கு. அது நான்தான்."

அந்தப் பக்கம் நரேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். "மத்தவங்க ரிப்போர்ட்லெல்லாம் எல்லாம் சரி, எல்லாம் சரின்னே படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சும்மா. மொதல்ல உங்களுக்கு ஒரு பெல்ட் வாங்கணும்."

சொன்னபடி வாங்கினார். அந்த ரிப்போர்ட்டையும் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். யாருக்கும் திட்டு விழவில்லை என்று தெரிந்ததும், மற்றவர்களும் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். ஆடும் ஏணி, உடைந்த கைப்பிடி, ஷாக் அடிக்கும் டிரில் மெஷின் என்று வந்துகொண்டே இருந்தது. அலுவலகமும் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தது.

பழனிச்சாமி தேய்ந்துபோன தன் ஷூவைப் பல கோணங்களில் படம்பிடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: 'வழுக்குது. சைஸ் ஒன்பது.'