முன்வரிசையில் மூன்று பேர்

மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில், மண்ணில், பதினொரு ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. விஷயம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் கல்லூரி பி.டி. சாரிடம் பலகையும் கிடையாது, சாக்பீஸும் கிடையாது. நாங்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உடம்பைச் சூடேற்ற ஓடப் போனதும், கழற்றிப் போட்ட செருப்புகளில் ஆளுக்கு ஒன்றாக எடுத்து அடுக்குவார். கடைசியில் கோல் கீப்பருக்கு ஒன்று, அதற்கு முன்னால் நான்கு, அப்புறம் இன்னொரு நான்கு, முன்வரிசையில் இரண்டு. எது யாருடைய செருப்பு என்று எங்களுக்கு அத்துப்படி. ஓடித் திரும்பி வரும்போது ஒவ்வொருத்தியும் தன் செருப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். வரிசையில் இல்லையென்றால் அன்று அவள் வெளியே. வாய் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அன்று. நான் அணியின் கேப்டன். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க, பி.டி. சார் என்னை மட்டும் கூப்பிட்டு, அடுக்கி வைத்ததைக் காட்டி, இதே போதுமா என்று கேட்டார். போதாது என்றேன். முன்வரிசையில் இருந்த இரண்டு செருப்புகளில் ஒன்று பழுப்பு நிறம். அதன் சொந்தக்காரி அறுந்த வாரை வலை பின்னும் நூலால் தைத்திருப்பாள். அதைக் காலால் தள்ளி வெளியே விட்டேன். நடுவரிசையின் இடது கோடியில் இருந்த என் செருப்பை முன்னுக்கு நகர்த்தினேன். வலது கோடியில் இருந்ததையும் அப்படியே முன்னுக்குத் தள்ளினேன். நடுவில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்பதால், ஒதுங்கிக் கிடந்த குவியலிலிருந்து ஒருத்தியின் செருப்பை இழுத்து அங்கே சேர்த்தேன். நான்கு, மூன்று, மூன்று. பி.டி. சார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சரி என்றார்.

அந்தப் பழுப்புச் செருப்புக்காரி இன்று எனக்கு அண்ணி. அன்று அவள் எனக்கு உறவு ஒன்றுமில்லை. கடலூர்க் கரையில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. ஒரே வயது, ஒரே வகுப்பு. சிதம்பரத்தில் இருந்த கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். இரண்டு வீட்டிலும் அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்கு அவள் 'டீ', அவளுக்கும் நான் 'டீ'. கல்யாணமான மறுநாளே, இனிமேல் வாய் நிறைய அண்ணின்னு கூப்புடணும் என்று அம்மா என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் மட்டும் 'டீ'யை விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவள் கை ஓங்கிவிட்டது.

நாங்கள் அதுவரை ஆடியது தூக்கி அடிக்கும் ஆட்டம். பின்னால் இருப்பவள் பந்தை ஓங்கி உதைப்பாள். அது வானத்தில் போய் எதிரியின் கோல் பக்கம் இறங்கும். முன்னால் நிற்கிற உயரமான பெண் தலையால் முட்டுவாள். முட்டின பந்து எங்கே விழும் என்று கடவுளுக்கும் அண்ணிக்கும்தான் தெரியும். முழங்காலில் பட்டு, முதுகில் பட்டு, சில சமயம் விழுந்துகொண்டே அவள் கோல் போடுவாள். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் எங்கள் மைதானங்களுக்கு அந்த ஆட்டம்தான் லாயக்கு. பாதி கட்டாந்தரை, பாதி மணல். தரையோடு பந்தை உருட்டினால் வழியில் ஒரு கல்லில் பட்டுத் திசை மாறிவிடும். வானத்தில் கல் கிடையாது அல்லவா.

எனக்கோ அந்த ஆட்டம் அசிங்கமாகப் பட்டது. போனில் துண்டு துண்டாகப் பார்த்த வெளிநாட்டு ஆட்டங்களில் நான் கிறங்கிக் கிடந்த காலம் அது. மூன்று பேர் முக்கோணமாக நின்று, பந்தைத் தரையை விட்டு எழும்பவிடாமல், நீ எனக்கு நான் உனக்கு என்று மாற்றிக்கொண்டே முன்னேறுவார்கள். முன்வரிசையில் நடுவில் ஒருத்தி, இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர். ஓரத்தில் இருப்பவள் கோட்டை ஒட்டி ஓடி, எதிராளியை வெளியே இழுத்து, சட்டென்று உள்ளே திரும்பி அடிப்பாள். முன்னால் இரண்டு பேர் நின்றால் எதிரியின் இரண்டு தடுப்பாளர்களுக்கு வேலை சுலபம், ஆளுக்கு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டால் போதும். மூன்று பேர் அகலமாகப் பரவி நின்றால் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று திணறிப்போவார்கள். பஸ்ஸில் அண்ணியிடம் இதையெல்லாம் மணிக்கணக்காக விளக்கியிருக்கிறேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.

ஆக, என் முடிவில் காரணம் இல்லாமல் இல்லை. எதிர் அணியின் தடுப்பாளர்கள் இரண்டு பேரும் நெட்டை. தூக்கி அடிக்கிற பந்தையெல்லாம் அவர்களே முட்டித் தள்ளியிருப்பார்கள். அவர்கள் ஆடிய அரையிறுதியில் அதைக் கண்ணால் பார்த்தோம். இந்தக் காரணத்தை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை. காரணம் சரிதான். சரியான காரணம் கையில் இருக்கும்போது மனுஷி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

ஏனென்றால் அன்று அங்கே கோப்பை மட்டும் இல்லை. மண்டல அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டல அணியில் ஆடினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போகலாம். எங்கள் அணியில் பாதிப் பேர் கால்பந்துக்கு வந்ததே அதற்குத்தான். அண்ணி அதை மறைத்ததும் இல்லை. "எனக்குப் படிப்பு ஏறாதுடி. இந்தக் காலுதான் எனக்கு வேல வாங்கிக் குடுக்கணும்" என்பாள். ஆடுகிறவளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கமாட்டார்கள். இது எனக்கும் தெரியும்.

ஓடிவிட்டுத் திரும்பி வந்தவள் வரிசையைப் பார்த்தாள். பி.டி. சாரைப் பார்த்தாள். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன். தன் செருப்பைத் தேடி எடுத்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் கேன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் அது பி.டி. சாரின் முடிவு என்றே நினைத்தார்கள். நான் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

நாங்கள் ஜெயித்தோம். தோற்றிருந்தால் அன்றே அவளிடம் போய் அழுது தீர்த்திருப்பேன் என்று தோன்றுகிறது. இரண்டு கோலில் ஒன்று நான் போட்டது. இடது ஓரத்தில் கோட்டை ஒட்டி ஓடி, உள்ளே திரும்பி அடித்தேன், போனில் பார்த்தது போலவே. நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். மண்டல அணிக்கு எங்களில் மூன்று பேரை எடுத்தார்கள். நான் ஒருத்தி. பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நல்லா ஆடுனடி என்றாள். அதற்குப் பிறகு வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று அவள் தூங்கவில்லை.

அதன் பிறகு நடந்தது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். சான்றிதழ் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, ஜன்னலைத் திறந்தால் அதே மைதானம். அவள் காவலர் தேர்வுக்கு இரண்டு முறை போனாள். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தாள், எழுத்துத் தேர்வு மதிப்பெண் போதாமல் நின்றுபோனாள். இடையில் என் அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது இரண்டு குடும்பமும் பேசி முடித்தது. அண்ணன் இப்போது சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. காலையில் போனால் இரவு வரை நின்றபடிதான் வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி நான் வேறு பேச்சு எடுப்பேன்.

போன மாதம் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பழைய மாணவிகளுக்கு ஒரு ஆட்டம் வைக்கிறார்கள், பதினொரு பேரை நானே தேர்வு செய்து தர வேண்டும். அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தாளில் நான்கு, நான்கு, இரண்டு என்று வட்டம் போட்டு, முன்வரிசை இரண்டில் ஒன்றில் அண்ணியின் பெயரை முதலில் எழுதினேன். அவளுக்காக அவளுடைய பழைய ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவருகிறேனாம். அவளுக்கு வாராந்திர லீவு செவ்வாய்க்கிழமை. நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன்.

அடுப்படியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் நீட்டி, எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். அதே மூச்சில், அன்று உங்களை வெளியே எடுத்தது பி.டி. சார் இல்லை, நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகத் தொண்டையில் கிடந்தது, வெளியே வந்தபோது அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அழுவாள் என்றோ திட்டுவாள் என்றோ நினைத்திருந்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இப்ப யாருடி முன்னாடி ரெண்டு பேரு ஆடுறாங்க?" என்றாள். "அன்னிக்கி நீ மூணு பேரு போட்டதுதான் சரி. அந்த நெட்டைங்க ரெண்டு பேரையும் தாண்டி ஒரு பந்து வந்திருக்காது."

எனக்கு மூச்சு வந்தது. அவள் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"நீ நடுவரிசையிலயே நின்னுட்டு, இங்க என்னப் போட்டிருக்கலாமே. அப்பவும் மூணு பேருதான். வெளியிலேருந்து ஆளே கூப்புட்டிருக்க வேணாம்."

கணக்கு அவ்வளவு சுலபம். எங்கள் ஊர்க் கடற்கரையில் சின்ன வயதிலிருந்து அவள் ஆடியதே இடது ஓரத்தில்தான். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும் என்று தண்ணீரை ஒட்டியே ஓடுவாள், பையன்களால்கூடத் துரத்திப் பிடிக்க முடியாது. அவளோடு ஆடியவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். கல்லூரியில் அவளை முன்வரிசையின் நடுவில் நிறுத்தியது பி.டி. சார். அந்த இடது ஓரத்தை அவளிடம் கொடுத்தால் நாற்காலியில் இருப்பவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். இதை மறைக்கத்தான் முக்கோணம், அகலம், நெட்டைத் தடுப்பாளர் என்று இவ்வளவு காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"பயந்துட்டேன் அண்ணி" என்றேன். "நீங்க அங்க ஆடுனா என்ன எடுக்கமாட்டாங்கன்னு."

"ம்" என்றாள். கோபம் இல்லை. தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது.

நான் அவசரமாகப் பேனாவை எடுத்தேன். வட்டங்களை அடித்துவிட்டு, முன்னால் மூன்று போட்டு, இடது ஓரத்தில் அவள் பெயரை எழுதினேன், என்னை நடுவரிசையில் வைத்தேன். ஆட்டம் என்னிக்கு என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

"ஞாயித்துக்கெழம கடையில கூட்டம் ஜாஸ்திடி. லீவு குடுக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மீனிடம் திரும்பிப் போனாள்.

ஒரு நாள்தானே, கேட்டுப் பாருங்கள் என்றேன். ஒரு நாள் போனால் அந்த மாதம் எது எது போகும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் ஞாயிறு விடுமுறை என்பதால் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆட்டத்துக்குப் போனேன், நடுவரிசையிலேயே நின்று ஆடினேன். இடது ஓரத்தில் எங்களுக்குப் பின்னால் படித்த ஒரு பெண் ஆடினாள். நான் கொடுத்த பந்து எதுவும் அவளுக்கு எட்டவில்லை. கொஞ்சம் வேகம் போதாது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டடி முன்னாலேயே, அங்கே இல்லாதவளுக்குத்தான், நான் பந்தை அடித்துக்கொண்டிருந்தேன்.