வாப்பாவின் காரும் என் இரண்டு சுற்றும்

தோழிகளே, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அண்ணனுக்கு, அதாவது காக்காவுக்கு.

சுனாமித் தண்ணீரில் கிடந்த வாப்பாவின் பழைய காரில் அடிச்சட்டம் நடுவில் தொய்ந்துவிட்டதால் கதவுகள் மூடுவதில்லை. வெள்ளிக்கிழமை என் அக்கா, ராத்தாவின் கல்யாணத்துக்கு அந்தக் கார்தான் என்று வாப்பாவுக்குப் பிடிவாதம்.

இன்று காரைத் தூக்கும் ஜக்கை அடியில் வைத்து, பிடியை முறுக்கிக் கொஞ்சம் நிமிர்த்தினார். "மிச்சத்த நாளைக்குப் பாப்பம். ஒருத்தரும் தொடப்படாது, கூட முறுக்கினா சட்டம் வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நான் ஜக்கின் பிடியை இரண்டு சுற்று முறுக்கினேன். கிறீச் என்றது. முன்கதவு மூடியது!

திரும்பி வந்த வாப்பா, "பாத்தியா என்ர கணக்க! தானா நிமிந்திட்டு" என்று காக்காவிடம் பெருமையடித்தார்.

விரலில் ஒட்டிய கிரீஸ்தான் போகவில்லை. எதால் கழுவலாம், சொல்லுங்கள்.

யாரோ என் அறைக்கதவைத் தட்டுகிறார்கள். வாப்பாவின் குரல்:

"புள்ள, பின்கதவு இன்னும் பூட்டுதில்ல. வந்து அதுக்கும் ரெண்டு சுத்துக் குடு."