அக்கா ஒளித்து வைத்த இடுக்கி

உடம்பில் உண்ணி ஒட்டிக்கொண்டால் நெருப்புக் காட்டக் கூடாது. எண்ணெய் ஊற்றக் கூடாது. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக நிதானமாக இழுத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதுதான் விதி. அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆனால் பத்து வயதில் என் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்தபோது, எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வேறு விதிகள் அமலில் இருந்தன.

அன்று பள்ளிப் பாட்டுப் போட்டி. எட்டு மணிக்கு ஈப்போ நகருக்கு லோரி. உண்ணியோடு வரும் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று வாத்தியார் முன்பே சொல்லியிருந்தார்.

சித்தப்பா சுருட்டைப் பற்றவைத்தார். “தள்ளுங்கலா. சூடு பட்டா தானா கழண்டுரும்.”

“முடி பத்திக்கும்! மண்ணெண்ணெய் வச்சாப் போதும்” என்றாள் அத்தை.

நெருப்பும் மண்ணெண்ணெயும் ஒரே நேரத்தில் என் காதை நெருங்கின. வெளியே லோரி ஹாரன் அடித்தது. நான் அலறினேன்.

“யாரும் தொடாதீங்க!” அக்கா உள்ளே ஓடி, அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன இடுக்கியோடு வந்தாள். ஒரே நேர் இழுப்பு. உண்ணி முழுதாக வந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அம்மா இடுக்கியைப் பார்த்தாள். பிறகு அக்காவின் மெல்லிய புருவத்தை.

“ஏண்டி, புருவ முடி தானா கொட்டுதுன்னு சொன்னியே! ஒரு மாசமா வெளக்கெண்ண தேச்சு விடுறேன்!”

“மாப்பிள்ளை யாருலா?” சித்தப்பா சிரித்து உருண்டார். அக்கா இடுக்கியையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் லோரியில் ஏறிவிட்டேன். மூன்றாம் பரிசு.

அக்கா ஏன் தன் ரகசியத்தை என் காதுக்காக உடைத்தாள், கழுவும் முறையெல்லாம் எங்கே படித்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை வருவார் என்றுதான் நானும் காத்திருந்தேன். அவளோ ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுத் தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தாள். விண்ணப்பத்தில் ஒட்டும் படத்தில் புருவம் சீராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

விண்ணப்பங்களுக்கு உடனுக்குடன் பதில் அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான். அக்காவைப் பயிற்சிக்கு வரச்சொல்லி அரசாங்க உறை வந்தது, ஏழு மாதம் கழித்து, தீபாவளிக்கு முதல் நாள்.