இத்தாலியப் புரூப்புடன் ராஜகிரி ஏறியது

1964, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறரைக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். மடியில் பதினாறு பக்கப் புரூப். செஞ்சி மாதா கோயிலில் இருந்த ஓர் இத்தாலியச் சாமியாரின் ஜெபநூல். இருபது வருடமாக அச்சுக் கோர்க்கிறேன், அந்த மொழியை அதுவரை தொட்டதில்லை.

"திங்கக்கெழம மிஷின் ஏறணும். சாமியார்கிட்ட காட்டிட்டு வா. தப்பு உன்னுதுன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றிருந்தார் முதலாளி. அவர் சொன்னால் செய்கிறவர். எனக்கோ நான்கு பிள்ளைகள்.

திண்டிவனத்தில் பஸ் மாறினேன். செஞ்சி பதினேழு மைல், டிக்கெட் அறுபது பைசா. பாறை மலைகள் தெரிந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் புரூப்பையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மாதா கோயில்.

"சாமியா? விருந்தாளிங்கள இட்டுக்குனு ராஜகிரி ஏறிட்டாரே" என்றார் காவல்காரர். வெயிலில் கோட்டைக்கு நடந்து, படியேறினேன்.

விருந்தாளிகளை மேலே அனுப்பிவிட்டு, பாதி மலையில், பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார் சாமியார். என்னைவிட இளையவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் புரூப்பைப் படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே பென்சில் நின்றது.

"இன்னா இது, கிரிஸ்-தோ? கிரி-ஸ்தோன்னு இல்ல கோடு போட்டுத் தந்தேன்?"

வரி முடிவில் சொல் உடைந்தால் புள்ளி எழுத்து அடுத்த வரியின் தலையில் வரக்கூடாது. எங்கள் தொழிலில் அது முதல் பாடம். 'அம்மா'வை உடைத்தால் 'அம்' மேலே, 'மா' கீழே. இத்தாலியரும் 'மம்மா'வை அப்படித்தான் உடைக்கிறார்களாம். ஆனால் அவர்களுடைய 'ஸ்' அடுத்து வரும் மெய்யை விட்டுப் பிரியாதாம், இரண்டும் சேர்ந்தே கீழே இறங்குமாம். எங்கே உடைக்கலாம் என்று சொல்லுக்குச் சொல் அவர் போட்டுத் தந்த கோடுகளை, பாவம், தெரியாமல் போட்டுவிட்டார் என்று நானே பக்கத்துக்குப் பக்கம் திருத்தியிருந்தேன்.

"யாரு மாத்தினது?"

பிள்ளைகளின் முகம் வந்து நின்றது. "உங்க கையெழுத்து சரியா புரியல சாமி" என்றேன். பொய்.

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா, என் தப்புதான்." அத்தனையையும் திருத்தி, முதலாளிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

மூன்று மணிப் பஸ்ஸை ஓடிப் பிடித்தேன். கோட்டை மறைந்ததும் கடிதத்தைப் பிரித்தேன். தமிழில்தான் இருந்தது: 'என் கையெழுத்து மோசம். கோர்த்தவர் மேல் குற்றமில்லை.' முத்து முத்தான எழுத்து. வெட்கத்தில் உடம்பு கூசியது. கிழித்தெறியலாமா என்று திண்டிவனம் வரை யோசித்தேன். கை வரவில்லை.

ஏழு மணிக்கு அச்சகத்தில் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த எழுத்தா உனக்குப் புரியல?"

ராஜகிரி ஏறும்போதுகூட எனக்கு அப்படி மூச்சு வாங்கவில்லை.

"புரிஞ்சுதுங்க" என்றேன்.